வீடியோவில் நான் வெட்டிய பலூன்கள்

நவீன்,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்காமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உனக்குக் கோபம் வரும். "வீட்டுல பேச வேண்டியத ஊருல பேசுறதே உங்களுக்கு வேலையாப் போச்சும்மா" என்று நீ சொல்வது இப்போதே காதில் விழுகிறது. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள், தம்பி. இதை ஊருக்கு முன்னால் சொல்லச் சொன்னது நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண். சொல்லாவிட்டால் பவித்ரா நம் வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டாள். அவள் வராத வீட்டுக்கு நீயும் வரப்போவதில்லை. மண்டபம் பிடித்தாயிற்று, கார்டு அடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்து உண்மையைச் சொல்வது மட்டும்தான் பாக்கி. எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற உன் அம்மா இதற்கு மட்டும் இத்தனை மாதம் வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டிருந்தாளே என்று நினைத்தால், கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

இந்த வாய் எங்கே வளர்ந்தது என்று உனக்குத் தெரியும். மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்ற நேரம், பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தைவிட அதிகம். யாருடைய குரலையும் அப்படியே பேசிக் காட்டுவேன். விடியுமுன் மண்டோர் எங்கள் லயத்துக்கு முன்னால் வந்து நின்று ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிப்பார், அதற்குப் பெரட்டு என்று பெயர். ஒரு தீபாவளிக்கு மறுநாள், தோட்டத்துக்கே லீவு, நான் செம்பருத்தி வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து மண்டோர் குரலில் "பெரட்டு! பெரட்டு!" என்று கத்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டும் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டும் லயமே ஓடி வந்தது. விஷயம் தெரிந்ததும் பாதிப்பேர் சிரித்தார்கள், மீதிப்பேர் என்னைத் தேடினார்கள். என் அம்மா விளக்குமாற்றால் வெளுத்தார். ஓடி வந்தவர்களில் பால் குடிக்கிற பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அக்காவும் இருந்தார். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த அக்காவைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது. யோசிக்க ஆரம்பித்தது இந்த வருடம்தான்.

அந்தக் குரல்தான் என்னைச் செராமா என்கிற பிரசார மேடையில் ஏற்றியது. தேர்தல் கூட்டத்துக்கு ஆள் சேர வேண்டும் என்றால் என்னைத்தான் முதலில் பேசவிடுவார்கள். பிறகு நானே நின்றேன், ஜெயித்தேன், சட்டமன்ற உறுப்பினர் ஆனேன். மாண்புமிகு என்பதற்கு மலாயில் சொல்கிற சுருக்கத்தால் ஊர் என்னை மரியாதையாக ஒய்பி என்று கூப்பிட ஆரம்பித்தபோது உன் அப்பா என்ன சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? "ஒய்பின்னா என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியும்லா. வாய் பெருசு." ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மனுஷன், நாளெல்லாம் பிள்ளைகளின் இரைச்சலில் இருந்துவிட்டு வந்து வீட்டில் ஒரு வார்த்தை பேசினால் அது இப்படித்தான் இருக்கும்.

நான் போரை எதிர்த்ததும் அவரால்தான். இது உனக்கு முழுதாகத் தெரியாது. எந்த நாட்டுப் போர் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யார் பக்கம் நியாயம் என்று சண்டை ஆரம்பித்துவிடும், நான் எழுத வந்தது காணாமல் போய்விடும். ஒருநாள் சாயங்காலம் டிவியில் எரிந்துபோன ஒரு பஸ்ஸைக் காட்டினார்கள். பஸ் என்று மட்டும்தான் செய்தியில் சொன்னார்கள். உன் அப்பா சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார். "ஸ்கூல் பஸ்ஸு," என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "சீட்டப் பாரு. சின்னப் பிள்ளைங்க சீட்டு." அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு சீட்டையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் உண்மையான கோபம், நவீன். இந்தக் கடிதத்தில் வெட்கப்படாமல் எழுதக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் சட்டமன்றத்தில் எழுந்து பேசினேன். அங்கே ஏவுகணை ஏறினால் இங்கே பெண்டாங் விவசாயிக்கு உரமூட்டை விலை ஏறுகிறது என்றேன். மாவு விலை, எண்ணெய் விலை எல்லாம் சொன்னேன். மலாயில் பேசியதை ராத்திரியே தமிழ்க் கூட்டத்திலும் பேசினேன். "பெண்டாங்குல எனக்குத் தெரிஞ்ச ஒரே போர் வைக்கோல் போர்தான், வேற போர் நமக்கு வேணாம்" என்றேன். கைதட்டல் அள்ளியது. ஆனால் பத்திரிகையில் ஒரு மூலையில்தான் போட்டார்கள். மாநில மன்றத்தில் வெளிநாட்டு விவகாரம் எதற்கு என்று சபாநாயகர் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. போதவில்லை என்பதில் பாதி அந்த பஸ்ஸுக்காக. மீதிப் பாதி மூலையில் போட்டதற்காக. அன்றைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சுங்கை பட்டாணி பேரங்காடியில் இருந்த அந்த வெளிநாட்டு பர்கர் கடையை உனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் காசு போருக்குப் போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. கடையில் ஆள்கள் இருப்பார்கள், வெளிச்சம் இருக்கும், மைக் இருக்கும், எனக்கு அது போதும். உதவியாளரைப் போனோடு ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டுக் கவுன்டரில் போய் நின்றேன். தொப்பி போட்ட பெண் ஒருத்தி நின்றாள். பெரிய ஆர்டர் ஒன்று சொன்னேன்.

"இவ்ளோ செட்டா மேடம்? பர்த்டே பார்ட்டியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, பர்த்டேதான்" என்றேன்.

"ஒரே பேர்ல போடவா?"

"இல்லலா. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு பேரு. நான் சொல்றேன், எழுதிக்கோ. ரெடியானதும் மைக்குல கூப்பிடு, பிள்ளைங்க வந்து வாங்கிக்கும்."

"அய்யோ, ச்சோ ஸ்வீட்லா!" என்றாள்.

நான் சொன்ன பெயர்கள் அந்த பஸ்ஸில் இருந்த பிள்ளைகளின் பெயர்கள். செய்தியில் வந்திருந்தன. அவளுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். "இத எப்படிச் சொல்லணும் மேடம், தப்பாக் கூப்பிட்டா பாவம் பிள்ளைங்க கோச்சுக்கும்" என்று ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிக்கொண்டாள். பாக்கெட்டுகள் தயாரானபோது உள்ளே போய் ஒரு பை நிறையப் பலூன் எடுத்து வந்தாள். நான் கேட்கவில்லை. அவளாகவே ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பலூன் கட்டினாள். பிறகு மைக்கை எடுத்து, கடை வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு பெயர். யாரும் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். அடுத்த பெயர். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "நீயா? நீயா?" என்று கையால் கேட்டாள். எல்லாப் பெயரும் முடிந்ததும் நான் மைக்கை அவள் கையிலிருந்து வாங்கி, தமிழிலும் மலாயிலும், "இவங்க யாரும் வரமாட்டாங்க. செத்துட்டாங்க. நீங்க இங்க சாப்பிடுற ஒவ்வொரு வாயும்..." என்று ஆரம்பித்தேன். மீதியை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. ஒரு சீன அம்மா அழுதுவிட்டார். யாரோ கைதட்டினார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில், கட்டாத ஒரு பலூனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பர்த்டேன்னு சொன்னீங்களே மேடம்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வீடியோவில் பதிவாகியிருந்தது.

என் தொகுதிச் சேவை மையத்தில் உட்கார்ந்து வீடியோவை வெட்டினோம். என் உதவியாளர் கெட்டிக்காரர். பர்த்டே என்று நான் சொன்னது போனது. பலூன்கள் போயின. அவள் கடைசியாகக் கேட்டதும் போனது. அவளுடைய சிரிப்பு மட்டும் பெரிதாகி நடுவில் வந்து நின்றது. "ஒய்பி, இந்தச் சிரிப்ப வைக்கவா, எடுக்கவா?" என்று அவர் என்னைக் கேட்டார். கேட்டார் என்பதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் இது வெளியே வந்ததும் கட்சியில் எல்லாரும் அவர் தலையில் போடப் பார்ப்பார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வை. அதுதான் அடிக்கும்."

அடித்தது. கட்சித் தலைவர்கள் போன் செய்தார்கள். இதுவரை என்னை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தவர்கள் நடுவில் உட்காரவைத்தார்கள். பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் காய் விற்கிறவர் காசு வாங்க மறுத்தார். போர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அங்கே இன்னொரு பஸ் எரிந்திருக்கலாம், நான் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன், என் வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. இங்கே வீடியோ பார்த்தவர்கள் அந்தப் பெண்ணைத் தேடிக் கடைக்குப் போனார்கள். "சிரி, இப்பச் சிரி" என்று முகத்துக்கு நேரே போனை நீட்டினார்கள். வேலையை விட்டாள். கொஞ்ச நாளில் வியாபாரம் விழுந்து கடையையும் மூடினார்கள். அங்கே வேலை செய்த மற்றப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள். எல்லாரும் என் தொகுதிப் பிள்ளைகள். கடை மூடியதை நான் ஒரு கூட்டத்தில் வெற்றி என்று சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

நீ எனக்கு நேர் எதிர். நான் ஒரு பக்கம் பேசுவதை நீ ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவாய். மெர்கோங்கில் உன் பேனர் கடையில்தான் என் பேனர்கள் எல்லாம் அச்சாகும். அந்த வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பெரிய பேனர் போடச் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்று மத்தியானமே நீ வண்டியை எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்கு வந்தாய். உள்ளே நாலு பேர் மனுவோடு உட்கார்ந்திருந்தார்கள். நீ அவர்களைப் பார்க்கவில்லை.

"இந்தப் பொண்ணு பேரு பவித்ரா" என்றாய்.

"எந்தப் பொண்ணுடா?"

"உங்க பேனர்ல சிரிக்குதே, அது. மெஷின்லருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துச்சி. மொதல்ல தொப்பி, அப்புறம் மூஞ்சி, அப்புறம் சட்டையில பேரு. நீங்க படிக்கவே இல்லையாம்மா?"

"பேரு எதுக்குடா நமக்கு? அது கம்பெனிய எதிர்த்துப் போட்டது."

"கம்பெனிய எதிர்க்கணும்னா தொழிற்பேட்டையில ஒரு ஃபேக்டரி இருக்கே. அவங்க செய்ற சாமான் அந்தப் போருக்குத்தான் போகுதுன்னு ஊரே பேசுது. அந்த கேட்டுக்கு முன்னாடி போயி ஏன் வீடியோ எடுக்கல?"

"அங்க நம்ம பிள்ளைங்க வேலை செய்றாங்கடா."

"கடையில யாரு வேலை செஞ்சா? வேற நாட்டுப் பிள்ளைங்களா?"

நான் சிரித்துச் சமாளித்தேன். மனுவோடு வந்தவர்களைப் பார்த்து, "என் மகன் எதிர்க்கட்சி, தெரியும்ல?" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். நீ போய்விட்டாய். உண்மை என்னவென்றால், அந்தத் தொழிற்சாலை திறப்பு விழாவில் ரிப்பன் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அதைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று மன்றத்தில் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தபோது நான் கேன்டீனில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றேதான் குடித்துக்கொண்டிருந்தேன், தாகமே இல்லை. அங்கே எதிர்த்தால் என் சீட்டுக்கு ஆபத்து. கவுன்டரில் நின்ற பெண்ணால் என்னை என்ன செய்ய முடியும்? என் எதிர்ப்புக்கு ஆகிற செலவை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்து, தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டினேன்.

அந்தப் பேனரை நீ அச்சடிக்கவில்லை. வேறு கடையில் அடித்துக்கொண்டேன். நீ அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு மெர்போக் போனாய். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை நீ போய்க் கேட்டாய். அவள் அப்பா உன்னை உள்ளே விடாமல் செம்பனைக் குலை வெட்டுகிற அரிவாளைத் துடைத்துக்கொண்டே வாசலில் நிற்கவைத்துப் பேசினார் என்று பிறகு நீயே சொன்னாய். "மாமா அரிவாள சும்மாதான் தொடச்சாரு, ஆனா ரொம்ப நேரம் தொடச்சாரு" என்றாய். நீ சொன்ன ஒரே ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன். உன் கடையில் அவளுக்கு வேலை கொடுத்தாய். மீதியெல்லாம் நடந்தது. ஒருநாள் வந்து, "ஒரு பொண்ணப் பார்த்திருக்கேன். உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணுதான்" என்றாய். பெயரைச் சொன்னாய். எனக்குத் தெரிந்த பெண்தான். நான்தான் தெரியவைத்தேன், ஊருக்கே.

பரிசம் போடப் போன அன்றைக்கு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். அவர்கள் சிரித்த சிரிப்புக்கு நான்தான் காரணம், அதனால் எழுதுகிறேன். தட்டு வரிசையோடு போய் பவித்ரா வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார்ந்தோம். பெண்ணின் தாய்மாமா முறைப்படி, "வந்தவங்க என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள், ஒய்பி ஏதாவது சொல்வாள் என்று. "தொகுதி நிலவரம் பார்க்க வந்தோம்" என்றேன். கூடாரமே சிரித்தது. தாய்மாமாகூடச் சிரித்தார். பவித்ராவை அழைத்து வந்தார்கள். நல்ல பச்சைப் பட்டு. தலையைக் குனிந்தபடி வந்து உட்கார்ந்தாள். போட்டோ எடுக்கிறவர், "சிஸ்டர், கொஞ்சம் சிரிங்க" என்றார். அவள் சிரிக்கவில்லை. "கொஞ்சமே கொஞ்சம், சிஸ்டர்." அவள் உதடு இழுத்தது, சிரிப்பு வரவில்லை. அப்போது நம் பக்கத்து அத்தை, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஏய், இந்தப் பிள்ளைய எங்கயோ பார்த்திருக்கேனே. செத்த பிள்ளைங்க பேரச் சொல்லிச் சிரிச்சதே, அந்தப் பொண்ணுல்ல?" என்றார்.

கூடாரத்தில் பேச்சே நின்றுபோனது. நான் ஒரு வரி சொல்லியிருக்கலாம். "அவளுக்குத் தெரியாது, நான்தான் பர்த்டேன்னு பொய் சொன்னேன்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. கூட்டம் அமைதியானால் எனக்கு மூச்சு முட்டும், பழக்கம் அப்படி. "அன்னிக்கே மொத்தமாச் சிரிச்சிட்டாள்ல, ஸ்டாக்கு முடிஞ்சிருக்கும்" என்றேன். எல்லாரும் விட்டால் போதும் என்று சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. உன் அப்பா தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பவித்ராவின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். பரிசம் நிற்கவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம், பவித்ரா எழுந்து போகாததுதான்.

சாப்பாடு முடிந்ததும் அவளே என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள். பாத்திரம் கழுவுகிற இடம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"இங்கயா ஆண்ட்டி?" என்றாள். "பாத்திரம் கழுவுற எடத்துலயா?"

பிடித்த கையை விட்டேன்.

"நீங்க போருக்கு எதிராப் பேசினது தப்புன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல. அந்தப் பிள்ளைங்க கதையக் கேட்டு நானும் அழுதேன். உங்க வீடியோவுலதான் கேட்டேன், வேற எங்க? ஆனா நீங்க பர்த்டேன்னு சொன்னீங்க. நான் நம்பிட்டேன். இப்ப நவீன் கடையில யாராச்சும் வந்து பிள்ளைக்குப் பர்த்டே பேனர் வேணும், பேரு எழுதிக்கோன்னா என்னால எழுத முடியல ஆண்ட்டி. அவர்தான் வந்து எழுதிக்கிறாரு. வர்றவங்க கிட்ட, பிள்ளை நல்லா இருக்குல்ல, நல்லா இருக்குல்லன்னு கேட்டுட்டே இருக்கேன். அவங்க என்ன ஒரு மாதிரி பார்க்குறாங்க."

"நான் என்ன செய்யணும் சொல்லும்மா."

"அங்க செஞ்சத அங்கயே சொல்லுங்க. ஊருக்கு முன்னாடி. அப்புறம் உங்க வீட்டுக்கு வர்றேன். சொல்லலன்னா கல்யாணம் நடக்கும், ஆனா உங்க வீட்டுக்கு வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க" என்றாள். கடைசிவரை ஆண்ட்டி என்றுதான் சொன்னாள், கடைசிவரை வாங்க போங்க என்றுதான் பேசினாள். திட்டியிருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன்.

அதற்குப் பிறகும் நாள்களைக் கடத்தினேன். உதவியாளரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். "ஒய்பி, எலெக்‌ஷன் வருது. அந்த வீடியோதான் நமக்கு மூலதனம். அது வெட்டினதுன்னு நீங்களே சொன்னா, போர ஆதரிக்கிறவன் என்ன சொல்வான்? பாத்தீங்களா, எல்லாமே பொய்யின்னு சொல்வான். செத்த பிள்ளைங்களுக்கு நீங்க செய்ற துரோகம்லா அது." நல்ல வாதம். அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம் போல இருந்தது. கொஞ்ச நாள் தூங்கவும் செய்தேன். பிறகு அந்த வாதத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. எரிந்த பஸ் பொய்யில்லை. அந்தப் பிள்ளைகள் பொய்யில்லை. பொய் சொன்னது நான் மட்டும்தான். அவர்களுடைய சாவுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். போர் நடத்துகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், யாருடைய சாவையோ காட்டி யாரையோ அடிக்கிறார்கள். நான் சின்ன அளவில், பேரங்காடியில் செய்தேன்.

அதனால் இதைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். அந்த வீடியோவில் சிரிக்கிற பெண்ணின் பெயர் பவித்ரா. யார் பெயரை வாசிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பிறந்தநாள் விருந்து என்று நான் அவளிடம் பொய் சொன்னேன். வரப்போகிற பிள்ளைகளுக்காக அவள் சிரித்தாள், அவர்களுக்காகப் பலூன் கட்டினாள். அவை வீடியோவில் இருந்தன, நான் வெட்டச் சொன்னேன். முழு வீடியோவையும் இந்தக் கடிதம் வரும் நாளில் என் சேவை மையப் பக்கத்தில் போடுகிறேன். அவளைத் திட்டி எழுதியவர்கள் என்னைத் திட்டி எழுதுங்கள், முகவரி உங்களுக்குத் தெரியும். போரை நான் இன்னும் எதிர்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தத் தொழிற்சாலையைப் பற்றி விசாரிக்கச் சொல்லும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன், திறப்பு விழாவில் ரிப்பன் பிடித்த கை இதுதான் என்று சொல்லிவிட்டு. கட்சி சீட்டுக் கொடுக்காது என்று உதவியாளர் சொல்கிறார். கொடுக்காமல் போகட்டும். வீட்டில் உட்கார நாற்காலி இருக்கிறது.

தம்பி, அம்மாவாக உனக்குப் புத்தி சொல்ல வேண்டிய கடிதம் இது. சொல்வதற்கு என்னிடம் அதிகம் இல்லை. நீ என்னைவிடச் சரியாகத்தான் வளர்ந்திருக்கிறாய், எப்படி என்றுதான் புரியவில்லை, பஸ் ஓட்டுகிறவரின் வளர்ப்பாக இருக்கும். ஆனாலும் ஒன்று. நாளைக்கு நீயும் எதையாவது எதிர்ப்பாய், கோபப்படுவாய், ஊருக்கு முன்னால் நிற்பாய். நிற்கும்போது உனக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார். உன் கோபத்துக்குக் கைதட்டுகிறவர்களைப் பார்க்காதே, அதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பக்கத்தில், கையில் எதையோ வைத்துக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்கிறவரைப் பார். இன்னொன்று, உன் பெண்டாட்டியை யாராவது கூட்டத்தில் கேலி செய்தால் நீ அமைதியாக இருக்காதே. பரிசத்தன்று நீ அமைதியாக இருந்தாய். என்மேல் இருந்த மரியாதையால் இருந்தாய் என்று தெரியும். அந்த மரியாதை அன்றைக்கு எனக்கு உரியது இல்லை.

கல்யாணத்தில் மாப்பிள்ளை தன்னைப் பெற்றவர்களுக்குப் பாத பூஜை செய்யும் நேரம் வரும். ஐயர் உன் அப்பாவையும் என்னையும் நாற்காலியில் உட்காரச் சொல்வார். பவித்ராவின் அப்பா அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவை, அவர்கள் காலை நீ கழுவு. உன் அப்பா காலையும் கழுவு, தினமும் மற்றவர்களின் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்கிற கால் அது. என் நாற்காலி காலியாக இருக்கட்டும். இந்தக் காலில் நீ தண்ணீர் ஊற்றினால் பவித்ரா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருக்கும், அந்தக் கஷ்டத்தை நான் அவளுக்குக் கொடுக்கமாட்டேன். அத்தைமார்கள் முணுமுணுப்பார்கள். "ஏன்டா, அம்மா ஏன் உட்காரல? என்ன ஆச்சு?" என்று உன்னைக் கேட்பார்கள். நீ பதில் சொல்லாதே. பவித்ராவையும் சொல்லவிடாதே. மண்டபத்தில் மைக் இருக்கும், அதை என்னிடம் கொடு. நானே சொல்கிறேன்.

அம்மா